இம்தியாஸின் இரண்டு பள்ளங்கள்

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டாவது பந்தி. என் இலையில் அப்பளம் வந்து விழுந்த அதே நேரத்தில்தான் என் நெடுநாள் நண்பன் இம்தியாஸ் தவறு செய்துவிட்டான் என்கிற செய்தியும் வந்து விழுந்தது. இரண்டில் எது அதிகம் மொறுமொறுவென்று இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஆய்வு மையத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர் தேவராஜ் வீட்டு விசேஷம் அது. மூத்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. வாசலில் பெரிய பேனர். அதில் பெண்ணைவிடத் தாய்மாமன்கள் பெரிதாக இருந்தார்கள், கறுப்புக் கண்ணாடியோடு. மேடையில் அந்தப் பெண் பட்டுப்புடவைக்குள் புதைந்து, 'இது எப்போது முடியும்' என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தோழிகள் யாராவது கண்ணில் பட்டால் மட்டும் சிரித்தாள்.

தேவராஜ் பந்தி விசாரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சார், பாயசம் வந்துச்சா? யப்பா, சாருக்கு இன்னொரு கப் வையி."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஏற்பாடெல்லாம் ரொம்ப அவசரமாப் பண்ணின மாதிரி இருக்கே?" என்றேன்.

"பின்ன இன்னா சார்? புதன்கெழம ஆடி பொறக்குது. அதுக்குள்ள முடிச்சாவணும். பொண்ணு வயசுக்கு வந்தது மாசில. தாய்மாமன் துபாய்ல கீறான், அவனுக்கு லீவு தரல. அப்பால பரீட்சைன்னாங்க. அப்பால மண்டபம் கெடைக்கல. இத்த வுட்டா ஆவணிதான் சார்."

"அப்போ மாசியில ஒண்ணும் பண்ணலியா?"

"வூட்டோட தண்ணி ஊத்துனோம். அத்தயெல்லாம் யாரு சார் ஞாபகம் வச்சிக்கினு இருப்பா? பத்து வருசம் கழிச்சி யாராச்சும் கேட்டா என் சம்சாரம் இந்த ஆல்பத்ததான் எடுத்துப் பாத்து சொல்லுவா. நீங்க சாப்புடுங்க சார்."

அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனக்கண்ணில் இம்தியாஸின் புகழ்பெற்ற வரைபடம் விரிந்தது. அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று ஜூலை, ஆகஸ்டில். இன்னொன்று டிசம்பர், ஜனவரியில்.

ஆடி. மார்கழி.

அப்பளத்தைக் கடித்தேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

முதல் மீசை

இம்தியாஸ் யார் என்று தெரியாதவர்களுக்காக (இந்தத் தொடரைச் சென்ற வாரம்தான் படிக்க ஆரம்பித்ததாக மந்தைவெளி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்) கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சாந்தோமில் நாங்கள் படித்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில், முதல் மீசை இம்தியாஸுக்குத்தான் முளைத்தது. கோடை விடுமுறைக்குப் போகும்போது எங்களைப் போல இருந்தவன், திரும்பி வரும்போது ஒரு மாமாவைப் போல வந்தான். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. புது ஆசிரியர் ஒருவர் அவனை உடற்பயிற்சி வாத்தியார் என்று நினைத்து வணக்கம் சொன்னார். பள்ளி நாடகத்தில் அவன் ராஜா. நான் அந்தப்புரத்துத் தோழி.

பத்தாம் வகுப்பிலும் நான் தோழிதான். பதினொன்றாம் வகுப்பில், என் குரலுக்கு ஏற்ற பாத்திரமே நாடகத்தில் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் தொலைபேசி வந்த புதிது. மணி அடித்ததும் நான் ஓடிப்போய் எடுத்து, "ஹலோ" என்பேன். எதிர்ப்பக்கம், "நமஸ்காரம் மாமி, சார் இருக்காரா?" என்பார்கள். இரண்டு வருடம் நான் மாமியாகவே இருந்து அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் என்னிடம் ரசப்பொடிப் பக்குவம்கூடக் கேட்டார். சொன்னேன்.

இம்தியாஸ் அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொல்வான். அதுதான் பொறுக்க முடியாதது.

"வரும் மச்சி. எல்லாருக்கும் வரும். உனக்குக் கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்."

இதைச் சொல்லிக்கொண்டே மீசையை விரலால் தடவுவான். வேண்டுமென்று செய்யவில்லை என்று நாற்பது வருடமாகச் சொல்கிறான். நான் நம்பவில்லை.

சீக்கிரம் வளர்கிறவர்கள் சீக்கிரம் நின்றும் விடுவார்கள். தாமதமாக வளர்கிறவர்களுக்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. இது அறிவியல். இன்று நான் இம்தியாஸைவிட அரைச் சாண் உயரம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வேண்டியிருந்த உயரத்தை ஐம்பத்தைந்து வயதில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒட்டடை அடிக்கிறேன்.

நாங்கள் இருவரும் மருத்துவம் படித்தோம். இருவருமே குழந்தைகள் எப்போது, ஏன், எப்படிப் பருவமடைகிறார்கள் என்ற ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தோம். நேர்முகத் தேர்வில் என்னை, "இந்தத் துறையில் ஏன் ஆர்வம்?" என்று கேட்டார்கள். மூளைக்கும் சுரப்பிகளுக்கும் உள்ள உறவு பற்றி உருக்கமாகப் பேசினேன். உண்மையான பதில், அவனுக்கு ஏன் முதலில் வந்தது என்பதுதான்.

டெப்போவில் நிற்கும் பஸ்

ஆராய்ச்சியிலும் மோஸ்தர் உண்டு. புடவைக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம் விஞ்ஞானிகளுக்குத் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருப்பார்கள்.

நாங்கள் சேர்ந்த காலத்தில் எல்லாம் சாப்பாடுதான். குழந்தையின் எடை என்ன, அதன் தட்டில் என்ன விழுகிறது, முந்தைய தலைமுறையைவிட ஏன் சீக்கிரம் பருவமடைகிறது. நான் தராசு வாங்கி, குழந்தைகளை நிற்க வைத்து, பழகி முடிப்பதற்குள் காற்று மாறிவிட்டது. உடல் கொழுப்பே ஒரு சுரப்பி போல மூளைக்குத் தகவல் அனுப்புகிறது என்றார்கள். இம்தியாஸ் அதில் ஏறிக்கொண்டான். நான் தராசோடு நின்றேன்.

நான் கொழுப்புக்கு வந்தபோது அவன் மரபணுவுக்குப் போயிருந்தான். பருவத்தைத் தொடங்கி வைக்கும் மூளைச் சாவி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த மரபணுவுக்கு அமெரிக்காவில் ஒரு சாக்லேட்டின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், சத்தியமாக. நான் மரபணு படித்து முடித்தபோது எல்லோரும் பிளாஸ்டிக் டப்பாவைச் சந்தேகப்பட்டார்கள். நான் எங்கள் வீட்டு டிபன் பாக்ஸையெல்லாம் எவர்சில்வருக்கு மாற்றிவிட்டு வந்து பார்த்தால், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சிறுமிகள் ஏன் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. செல்போன் வெளிச்சமா, தூக்கக் குறைவா, கவலையா? இம்தியாஸ் ஏற்கெனவே அதில் ஒரு கட்டுரை எழுதியிருந்தான்.

அடையாறு டெப்போவில் வந்து விளக்கணைத்து நிற்கும் பஸ்ஸில், ஜன்னலோர சீட் பிடித்து, 'கிளம்பும், கிளம்பும்' என்று உட்கார்ந்திருக்கும் ஆள் நான்.

கடைசியில் எனக்கென்று மிஞ்சியது எலும்பு. இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரேயைப் பார்த்துக் குழந்தையின் எலும்பு வயதைச் சொல்வது. இதில் நான் கெட்டிக்காரன், அடக்கமாகவே சொல்கிறேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, "பதினொன்றரை" என்பேன். பெற்றோர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். போன வருடம் அதற்கும் ஒரு கணினி வந்துவிட்டது. நான் புருவத்தைச் சுருக்குவதற்குள் அது வயதைச் சொல்லிவிடுகிறது. என் வாழ்க்கையில் நான் பொறாமைப்பட்ட முதல் இயந்திரம் அதுதான். யாரும் பார்க்காதபோது ஒருநாள் அதற்கு என் கையின் படத்தையே கொடுத்துப் பார்த்தேன். 'பெரியவர்' என்றது. மரியாதை தெரிந்த இயந்திரம்.

வெயிலும் நிழலும்

இப்போது பள்ளங்களுக்கு வருகிறேன்.

இம்தியாஸ் கடைசியாக ஏறிய பஸ் பருவநிலை. குழந்தைகள் வயதுக்கு வருவதற்கும் வெயில், மழை, பகல் நீளம் இவற்றுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி. மயிலாப்பூர், சாந்தோம், கோட்டூர்புரம், ராயப்பேட்டை என்று அவன் குழுவினர் வீடு வீடாகப் போய், அம்மாக்களிடம், மகள் எந்த மாதம், எந்தத் தேதி வயதுக்கு வந்தாள் என்று கேட்டார்கள். கணக்குப் போட்டால் அற்புதமான வரைபடம். ஜூலை, ஆகஸ்டில் ஒரு பள்ளம். உடனே ஒரு மலை. டிசம்பர், ஜனவரியில் இன்னொரு பள்ளம். உடனே இன்னொரு மலை. பார்த்தால் இமயமலை மாதிரி அழகாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

இதில் ஒரு வேடிக்கை. ராயப்பேட்டையில் இம்தியாஸின் சொந்தத் தெருவிலும், சுற்றியிருந்த முஸ்லிம் வீடுகளிலும் எடுத்த கணக்கில் மட்டும் பள்ளமும் இல்லை, மலையும் இல்லை. சமதரை. ஏன்? இம்தியாஸ் அதற்கும் விளக்கம் வைத்திருந்தான். குறுகிய தெருக்கள், ஒட்டி ஒட்டி வீடுகள், உள்ளே வெயில் விழுவதில்லை. ஆகவே பருவங்களின் மாற்றம் அந்தக் குழந்தைகளின் மூளைக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டு இதழ் ஒன்று இதைக் கொண்டாடி வெளியிட்டது.

அந்தக் கட்டுரையில் ஓட்டை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூட்டலைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அடிக்குறிப்புகளைத் துருவினேன். ஒரு காற்புள்ளி அதிகம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை வீழ்த்த முடியாது.

அந்தக் கட்டுரையால் அவனுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஆறு நகரங்களில், குழந்தைகளை வருடக் கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் திட்டம். அதன் தலைமைப் பொறுப்பு இம்தியாஸுக்கு அநேகமாக முடிவாகிவிட்டது. தி.நகரில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடக்கவிருந்த மாநாட்டில் அவன் பேச்சைக் கேட்டுவிட்டு, தேர்வுக் குழு கையெழுத்துப் போடும். மாநாடு அந்த வாரம் வெள்ளிக்கிழமை. தேவராஜ் வீட்டு விசேஷம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

பள்ளங்கள் ஆடியோடும் மார்கழியோடும் பொருந்துவது முன்பே எங்கள் கண்ணில் பட்டிருக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் வரைபடத்தில் ஆங்கில மாதங்கள் இருந்தன. ஆடி பாதி ஜூலையிலும் பாதி ஆகஸ்டிலும் கிடக்கிறது. அறிவியலை ஆங்கில மாதத்திலும் விசேஷத்தைத் தமிழ் மாதத்திலும் வைத்துக்கொண்டு இரண்டையும் சந்திக்கவிடாமல் வாழ்வது எங்கள் ஊர்ப் படித்தவர்களின் பழக்கம். ஆடித் தள்ளுபடியில் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, 'ஜூலை பள்ளத்துக்கு வெயில் காரணமாக இருக்குமோ' என்று நாங்கள் விவாதித்திருக்கிறோம்.

சந்தோஷமான இரண்டு நாட்கள்

மண்டபத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, இம்தியாஸ் கட்டுரையோடு வெளியிட்டிருந்த தேதிகளைத் தமிழ் மாதப்படி மறுபடி அடுக்கினேன். பள்ளம் பள்ளமாகவே இல்லை, கிணறாக இருந்தது. ஆடியில் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி. மார்கழியிலும் அப்படியே. ஆவணியிலும் தையிலும் மலை. இது மூளையின் வேலை இல்லை, பஞ்சாங்கத்தின் வேலை. அம்மாக்கள் மகளின் விழா நடந்த மாதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபம் பிடித்து விழா எடுக்கும் வழக்கம் இல்லாத வீடுகளில் உள்ளது உள்ளபடி வந்திருக்கிறது. அதுதான் அந்தச் சமதரை.

"வசந்தா!" என்று கூவினேன்.

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லே" என்றாள். "இப்ப என்ன பண்ணப் போறேள்?"

"வெள்ளிக்கிழமை அவன் பேசி முடிப்பான். கேள்வி நேரம். நான் எழுந்து நிப்பேன்."

"நின்னு?"

"'டாக்டர் இம்தியாஸ், ஆடி மாதம் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டதுண்டா?' அவ்வளவுதான். உக்காந்துடுவேன்."

"காலண்டரை மாட்டிட்டுப் போங்கோ. பால்காரர் கணக்கு அதுலதான் இருக்கு."

திங்கட்கிழமை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தேன். 'கேள்விப்பட்டதுண்டா' என்பதில் எவ்வளவு இழுப்பது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவது வாக்கியத்துக்கு முன்னாலா பின்னாலா? நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சுண்டல் விற்பவர் ஒருவர், "இன்னா சார்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை இம்தியாஸ் போன் செய்தான்.

"மச்சி, ஒரு உதவி."

"சொல்லு."

"வெள்ளிக்கிழம நீ முதல் வரிசைல உக்காரணும். நான் முடிச்சதும் ஃபர்ஸ்ட் கேள்வி நீதான் கேக்கணும்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன்.

"நானா? என்ன கேக்கறது?"

"எதுனா. உனக்குத் தோணுறத கேளு. பேசி முடிச்சதும் யாரும் ஒண்ணும் கேக்காம சபை அமைதியா இருந்தா எனக்குக் கை நடுங்கும்டா. நீ எழுந்து நின்னா பயம் போயிடும். ஸ்கூல்லேர்ந்தே அப்படித்தான்."

இது எங்கள் தொழிலில் சாதாரண ஏற்பாடு. எல்லோரும் ஒரு நண்பனை முதல் கேள்விக்கு உட்கார வைப்பார்கள். ஆனால் ராஜா நடுங்குவார் என்று எனக்குத் தெரியாது. அந்தப்புரத்துத் தோழிக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன சொன்னார் அவர்?" என்று வசந்தா கேட்டாள்.

சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்பளம் நமத்துப்போயிருந்தது.

காபியில் ஏடு

புதன்கிழமை காலை. ஆடி ஒன்று. கபாலீசுவரர் கோயில் குளத்துப் பக்கம் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் டிபன் கடை. எங்கோ ஒரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே தொடங்கியிருந்தது. இம்தியாஸ் பொங்கலில் மிளகை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுற்றி வளைத்தேன்.

"உன் பொண்ணு ஆயிஷா வயசுக்கு வந்தப்போ வீட்டுல என்ன பண்ணினீங்க?"

"இன்னாடா இது காலைல? அம்மா சேமியா பண்ணாங்க. என் தங்கச்சி வந்து ஒரு செட் துணி குடுத்துட்டுப் போச்சு. அவ்ளோதான்."

"மண்டபம்?"

"மண்டபமா? இதுக்கு எங்க வூட்டுல யாரு மண்டபம் எடுத்தா?"

"தேவராஜ் எடுத்தார். ஞாயித்துக்கிழமை. பொண்ணு வயசுக்கு வந்தது மாசியில."

"அதான் பத்திரிகை குடுத்தாரே. நான்தான் வர முடியல. மாசில வந்ததுக்கு இப்ப ஏன்..."

ஸ்பூன் நின்றது.

மனிதன் முகத்தில் ஒரு எண்ணம் நடந்து போவதை நான் அன்றுதான் பார்த்தேன். முதலில் தேவராஜ் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து மயிலாப்பூர், சாந்தோம், கோட்டூர்புரம் என்று வீடு வீடாகப் போயிற்று. கடைசியாகத் தன் சொந்தத் தெருவுக்கு, வெயில் விழாத அந்த வீடுகளுக்கு வந்து நின்றது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓங்கியது. அவன் அந்தத் திசையைப் பார்த்தான்.

"ஆடி" என்றான்.

"ஆமாம்."

"மார்கழி."

"அதுவும்தான்."

காபி ஆறி, மேலே ஏடு படிந்தது. அவன் எடுக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை. ரெண்டாம் பந்தியில."

"இன்னிக்குப் புதன்."

"ஆமாம்."

"நடுவுல இன்னாடா பண்ணின?"

"சந்தோஷமா இருந்தேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் அந்த அடிவயிற்றுக் குரலில், கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"நானா இருந்தா வெள்ளிக்கிழம வரைக்கும் சந்தோஷமா இருந்திருப்பேன்டா!"

சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று வயதாகிவிட்டது. மூன்று வருட உழைப்பு. ஆறு நகரத்துத் திட்டம். முன்வரிசையில் உட்காரப்போகும் தேர்வுக் குழு. எல்லாம் அந்த மேஜையில், பொங்கலுக்கும் காபிக்கும் நடுவே கிடந்தன.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. பேச்சைத் தள்ளிப் போடலாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். மூன்று நாளைக்கு முன்னால் யாராவது என்னிடம் வந்து, 'நீ இப்படிச் சொல்வாய்' என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அவன் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

ஆடி முதல் வெள்ளி

தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பனகல் பூங்காவிலிருந்து ஹோட்டலுக்குப் போய்ச் சேருவதற்குள், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் பைகளில் இரண்டை என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பேரம் பேசியது. வியர்த்துப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தேர்வுக் குழுவினர் மூன்று பேர்.

இம்தியாஸ் மேடையேறினான். ஆங்கிலத்தில்தான் பேசினான், என் தமிழில் தருகிறேன்.

முதலில் அந்த வரைபடத்தைப் போட்டான். ஒன்றுமே சொல்லாமல் எல்லோரையும் நன்றாகப் பார்க்கவிட்டான். பின் வரிசையில் சிலர் செல்போனில் படமெடுத்தார்கள்.

"சென்னைச் சிறுமிகள் எந்த மாதம் வயதுக்கு வருகிறார்கள் என்பதற்கான வரைபடம் இது என்று மூன்று வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். தவறு. சென்னையில் எந்த மாதம் மண்டபம் காலியாக இருக்கும் என்பதற்கான வரைபடம் இது."

அரங்கம் புரியாமல் விழித்தது. அடுத்த படத்தில் அதே கணக்கு, தமிழ் மாதங்களின்படி. நாலாவது வரிசையில் ஒரு பெண் டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர்கள். அப்புறம் எல்லோரும்.

"நம்பிக்கை வராதவர்கள், இவ்வளவு நல்ல அரங்கம் இந்த வெள்ளிக்கிழமை இவ்வளவு சுலபமாக எப்படிக் கிடைத்தது என்று மாநாட்டு அமைப்பாளரைக் கேட்டுப் பாருங்கள்."

அமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் ஆடியை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் தாமதமாகச் சிரித்தார்கள்.

பிறகு அவன் சிரிக்காமல் பேசினான். ராயப்பேட்டையில் உள்ளது உள்ளபடி சொன்ன தாய்மார்களின் பதிலைத் தான் விதிவிலக்கு என்று ஒதுக்கியதையும், அதை விளக்க வெயிலே விழாத ஒரு கதையைக் கட்டியதையும் சொன்னான். "அந்தத் தெருவில்தான் நான் பிறந்தேன். மொட்டை மாடியில் வெயில் தாங்காமல் காலைத் தூக்கித் தூக்கி ஓடியிருக்கிறேன். அதைக்கூட மறக்கவைத்தது இந்த வரைபடத்தின் அழகு." கட்டுரையைத் திரும்பப் பெறப் போவதாக அறிவித்தான். கண்டுபிடித்தது தான் அல்ல என்று சொல்லி என் பெயரைச் சொன்னான். நான் பாதி எழுந்து, முட்டி இடித்து, உட்கார்ந்தேன். கை தட்டினார்கள்.

தலைவர் கேள்வி நேரத்தை அறிவித்தார். முதல் கேள்விக்கு என்னிடம் மைக் வந்தது. இம்தியாஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். விரல்கள் நடுங்கின. முதல் வரிசைக்கு மட்டும் தெரிந்தது.

பயிற்சி செய்த வாக்கியத்துக்கு வேலை இல்லை. வேறெதுவும் தயாரிக்கவில்லை.

"அந்தக் குழந்தைகள் உண்மையில் எந்த மாதம்தான் வயதுக்கு வந்தார்கள்?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றான். "திங்கட்கிழமையிலிருந்து மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்."

மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டான். இந்த முறை அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு உட்கார்ந்துகொண்டுதான் தட்டியிருந்தார்கள். வித்தியாசத்தைக் கவனித்தேன், கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பப் பெறுதல்

ஆறு நகரத்துத் திட்டம் அவனுக்குக் கிடைக்கவில்லை. அழகான மின்னஞ்சல் ஒன்று வந்தது. தலைமைப் பொறுப்பு வேறு ஊருக்குப் போயிற்று. என் எதிரில்தான் படித்தான். "சரி" என்று சொல்லிவிட்டு, களப்பணிக்குப் போகும் பெண்களுக்குப் புதுக் கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டான். மாதம் கேட்காதீர்கள். அப்போது எந்த வகுப்பு, பரீட்சைக்கு முன்னா பின்னா, பள்ளியில் இருந்தாளா வீட்டில் இருந்தாளா, யார் போய்க் கூட்டி வந்தார்கள், இப்படிக் கேளுங்கள். விழாவைப் பற்றி அவர்களாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதாதீர்கள்.

அவன் ஜெயித்தபோதெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அது பழகிவிட்டது, சர்க்கரை மாத்திரை மாதிரி. ஆனால் ஒருவன் தோற்கிற விதத்தைப் பார்த்தும் பொறாமை வரும் என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லி யோசனை கொடுத்தவனே நான்தானே.

அவன் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேர்மையான, சுருக்கமான கடிதம். இம்மாதிரிக் கடிதங்களைத்தான் இப்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். தவறை ஒப்புக்கொள்வது எங்கள் துறையில் புது மோஸ்தர். இதுவும் கிளம்பிப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

"இதுல என் பேரையும் சேத்துக்கோயேன்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எதுல? வாபஸ் வாங்குறதுலயா?"

"ஆமாம். கண்டுபிடிச்சது நான்தானே."

"மச்சி, கட்டுரை எழுதினவன்தான் வாபஸ் வாங்க முடியும். அதான் ரூல்ஸு. தப்பு பண்ணும்போது நீ கூட இல்லியே."

என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

"வுடுடா. அடுத்த தப்புல உன்ன கண்டிப்பா சேத்துக்குறேன்."

மனிதன் வாக்குத் தவறாதவன். கடிதத்தை அனுப்பிய மறுநாள் காலையே கூப்பிட்டான், குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி ஏதோ புதிதாகத் தோன்றுகிறதாம். செருப்பு மாட்டக்கூட நேரமெடுக்காமல் ஓடினேன்.